எவ்வளவு என்று மட்டும் சொல்லாத சட்டம்: மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கடல் மீன்பிடிப்புக்கு விதி எழுதும் தமிழ்நாடு மீன்வளத் துறை அதிகாரிகளுக்கு,

என் மனு முடித்து வைக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. "கோரிக்கை அரசின் கொள்கை முடிவு சார்ந்தது என்பதால்" என்று தொடங்கி ஒன்றரை வரியில் முடிகிறது. நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கரைக்குக் கொண்டுவரக் கூடாது, ஒரு படகு ஒரு நாளில் எவ்வளவு நண்டு எடுக்கலாம், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட வருகிறவர் எத்தனை மீன் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்து எங்கள் ஏலக் கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள் என்றேன். மீனவர் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்த மனு. மேடையில் இருந்தவர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "நல்ல விஷயம்தான், ஆனா உங்க ஆளுங்களே ஒத்துக்க மாட்டாங்களே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நான் சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் பாக் விரிகுடாக் கரையில் வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருப்பவன். வயது ஐம்பத்து மூன்று. பதினெட்டு வயதில் கடலுக்குப் போனேன். நடுவில் ஆறு வருடம் விசைப்படகில் மடி, அதாவது இழுவை வலை, இழுத்திருக்கிறேன். என் தம்பி இன்றைக்கும் விசைப்படகில்தான் இருக்கிறான். ஆகவே விசைப்படகுக்காரர்களைத் திட்டி ஒரு நாட்டுப்படகுக்காரன் எழுதிய கடிதம் என்று இதை ஓரமாக வைத்துவிட வேண்டாம்.

இந்த வருடம் தடைக்காலம் முடிந்து படகுகள் முதல் முறை போய்த் திரும்பிய காலையில் நடந்ததைச் சொல்கிறேன். படகுத்துறையில் திருவிழாக் கூட்டம். ஐஸ் வண்டி, வியாபாரிகள், கேமராவோடு இரண்டு பேர். மறுநாள் பத்திரிகையில் "மீன்பாடு அமோகம், மீனவர்கள் மகிழ்ச்சி" என்று வந்தது. பொய் இல்லை, இறாலும் கணவாயும் நன்றாகவே வந்திருந்தன. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், நூறு அடி தள்ளி இருக்கும் சங்காயக் கொட்டகைக்குப் பத்திரிகைக்காரர்கள் போகவில்லை. நான் போனேன். என் அக்கா அங்கே கூலிக்கு வேலை பார்க்கிறாள்.

சங்காயம் என்றால் உங்களில் கீழ்நிலையில் வேலை பார்த்து மேலே வந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இழுவை மடியில் வருவதில் இறால், கணவாய், நண்டு, விலை போகிற மீன் எல்லாவற்றையும் பொறுக்கியபின் மிஞ்சுகிற குவியல். காயவைத்தால் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகும். கிலோ இருபது முப்பது ரூபாய். படகின் டீசல் செலவில் ஒரு பங்கைச் சங்காயம்தான் தாங்குகிறது என்று என் தம்பி சொல்வான். அதுவும் உண்மைதான்.

பேத்தியின் அரையடி ஸ்கேலைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். ஒரு கூடையைச் சாக்கில் கொட்டச் சொன்னேன். மேலே காரல் நிறைய. காரலை நான் குட்டி மீன் என்று சொல்ல மாட்டேன், அது வளர்ந்தாலே அவ்வளவுதான். (சின்ன மீனெல்லாம் குட்டி மீன் என்று நினைத்துக்கொண்டு நகரத்திலிருந்து எழுதுகிறவர்களும் உண்டு. நெத்திலிக்கு அளவு வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.) காரலை ஒதுக்கித் தள்ளினேன். அடியில் விரல் நீளத்துக்குக் கணவாய். அழுத்தினால் உள்ளே ஓடு அப்பளம்போல் நொறுங்கியது. விளைமீன் ஒன்பது சென்டிமீட்டர். ஊளிக் குட்டிகள் பென்சில் பருமனில். தீப்பெட்டி அளவில் நண்டு, கால்கள் எல்லாம் உதிர்ந்து. அப்புறம் ஒரு சாண் நீளத்தில் நாலு சீலா. நீங்கள் சென்னையில் வஞ்சிரம் என்று சொல்வதைத்தான் எங்கள் பக்கம் சீலா என்போம். நீங்கள் சீலா என்பது எங்களுக்கு ஊளி. அந்த நாலும் முதல் முறை சினை பிடிக்க ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வளர வேண்டும். ஸ்கேல் பதினைந்தோடு நின்றுவிட்டதால் சீலாவை இரண்டு தடவை வைத்து அளந்தேன். இருபத்திரண்டு.

அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அளந்து என்னடா பண்ணப்போறே? கடல்ல கெடந்திருந்தா அடுத்த வருஷம் ஆயிரம் ரூபா மீனு. இப்ப கோழி திங்கப் போகுது."

ஐயா, அறுபத்தொரு நாள் கடலைப் பூட்டிவைத்தது இந்தக் குட்டிகளுக்காகத்தானே? 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறீர்கள். குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிறீர்கள். ஐயாயிரமாக இருந்ததை எட்டாயிரமாக்குவதாக 2023-இல் முதலமைச்சரே மண்டபத்தில் அறிவித்தார். இவ்வளவு பணமும் பட்டினியும் போட்டுச் சேர்த்ததை அடுத்த ஒரு வாரத்தில் எந்தக் கணக்கும் இல்லாமல் அள்ளவிடுகிறீர்கள். கதவைத் திறக்கும் தேதி உங்களிடம் இருக்கிறது. எவ்வளவு எடுத்துக்கொண்டு வெளியே வரலாம் என்பது இல்லை.

என் புகார் முழுவதும் இந்த ஒன்றுதான். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து இன்றுவரை நீங்கள் போட்ட விதிகளை எனக்குத் தெரிந்தவரை எண்ணிப் பார்த்தேன். எப்போது பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது. எங்கே பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது: கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கு, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா. எதால் பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது: இரட்டை மடி (இரண்டு படகு சேர்ந்து இழுப்பது) கூடாது, சுருக்குமடி (மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் வலை) கூடாது, எஞ்சின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. சுருக்குமடி வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோதுகூட, 2023 ஜனவரியில் வந்த இடைக்கால உத்தரவு 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்றது. இடம் வந்தது, கிழமை வந்தது, மணிகூட வந்தது. அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு சுருக்குமடி எத்தனை டன் அள்ளலாம் என்ற கேள்வி வரவில்லை.

எவ்வளவு என்ற வார்த்தை வருகிற ஒரே இடம் தடைதான், அங்கே அது பூஜ்யம். கடல் அட்டையை 2001-இல் மத்திய அரசு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டது. அதற்கு முந்தின நாள்வரை எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், மறுநாளிலிருந்து ஒன்றைக்கூடத் தொடக் கூடாது, தொட்டால் புலியைக் கொன்ற சட்டப்பிரிவு. முக்குளித்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். அந்தத் தடை சரியா தவறா என்று இங்கே வாதாட வரவில்லை. பத்து வருடம் முன்னால் "இவ்வளவு எடு, இந்த அளவுக்குக் கீழே எடுக்காதே" என்று சொல்லியிருந்தால் அந்த நிலைக்கே வந்திருக்காதே என்றுதான் கேட்கிறேன். முழுவதும் திறப்பது, முழுவதும் அடைப்பது, இரண்டே நிலைதான் உங்கள் கையில் இருக்கிறது. நண்டுக்கும் கணவாய்க்கும் அந்த இரண்டாவது நிலை வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"உங்க ஆளுங்களே ஒத்துக்க மாட்டாங்க" என்ற பேச்சுக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்கள் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் தெரியுமா? பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. எங்கள் அப்பா காலத்தில், 1970-களில், இரண்டு தரப்புக்கும் கடலில் வெட்டுக்குத்து நடந்தபின் உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு. திங்கள், புதன், சனி அவர்களுக்கு. ஊருக்கு ஊர் மீறல் உண்டு, சண்டை உண்டு, ஆனால் இத்தனை வருடமாக அந்தக் கணக்கு நிற்கிறது. வாரத்தில் நான்கு நாள் படகைச் சும்மா கட்டிவைக்கச் சம்மதித்தவர்களைப் பார்த்து, கட்டுப்பாட்டுக்கு ஒத்துவரமாட்டார்கள் என்கிறீர்களா? பழவேற்காட்டு ஏரியில் பாடு என்ற முறையில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். உங்கள் துறை பிறப்பதற்கு முன்பே இருந்த வழக்கம் அது.

மூன்று நாள் ஏற்பாட்டில் ஓட்டை எங்கே விழுந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். நாள் மூன்றாகவே இருந்தது, படகு வளர்ந்தது. நான் மடி இழுத்த காலத்து எஞ்சினைப் பார்த்தால் என் தம்பி சிரிப்பான். பழைய படகு மூன்று நாளில் எடுத்ததைப் புதுப் படகு ஒரே இரவில் எடுக்கிறது. நாளுக்குக் கட்டுப்பாடு வைத்துவிட்டு அளவை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். எட்டு ஒன்பது பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழமே உள்ள கடல் இது. மடிக்குத் தப்பி ஒளிய மீனுக்குப் பள்ளம்கூட இல்லை. நம் பக்கம் காலியானதால்தான் தம்பி போன்றவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறார்கள், சிறைக்குப் போகிறார்கள், படகை இழக்கிறார்கள். அங்கே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வலை அறுந்து அழுகிறவர்களும் நம்மைப்போல் தமிழ் பேசும் நாட்டுப்படகுக்காரர்கள். ஒவ்வொரு கைதின்போதும் டெல்லிக்குக் கடிதம் போகிறது. நம் பக்கத்துக் கடலில் எவ்வளவு மீன் மிச்சம், அதில் எவ்வளவு எடுத்தால் தாங்கும் என்று கேட்டு எந்தக் கடிதமும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடலுக்கு யோக்கியதை கிடையாது. நீலக்கால் நண்டுக்குக் கம்பெனி விலை வந்தபிறகு எங்கள் ஊர் வல்லக்காரர்களில் பாதிப் பேர் நண்டு வலைக்கு மாறினோம். சதையை எடுத்து டின்னில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். வலையில் சினை நண்டும் வரும். வயிற்று மடலைத் தள்ளிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுபோல முட்டைத் திரள். நாளாக ஆகப் பழுப்பாகிக் கறுக்கும். கறுத்துவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு நாளில் பொரிந்து கடலில் கலந்துவிடும். ஒரு நண்டில் லட்சக்கணக்கில் முட்டை. ஒரு கட்டத்தில் வாங்குகிற ஆட்கள் சினை நண்டு வேண்டாம் என்றார்கள். நல்லதுதானே என்று தோன்றும். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் முட்டையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நண்டைப் பெட்டியில் போட்டோம். வல்லத்தைச் சுற்றித் தண்ணீர் கொஞ்ச நேரம் மிளகாய்த்தூள் கொட்டியதுபோல் இருக்கும், அப்புறம் தெளிந்துவிடும். மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டிய மாதம் அது. நானும் தேய்த்தேன். ஒரு மாதம் இல்லை, இரண்டு பருவம்.

ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். நான் விட்டால் அடுத்த வல்லம் எடுக்கும். அவனைக் கேட்டால் அவனும் இதையே சொல்வான். எங்கள் கரையில் கெட்டவர்கள் என்று தனியாக யாரும் கிடையாது; எல்லாருக்கும் பொதுவாக ஒரு அளவை வைக்க ஆள் இல்லாததால் எல்லாருமே பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். அந்த ஆள் நீங்கள்தான்.

கல் இறாலுக்கு, சிங்கி இறால் என்றும் சொல்வோம், மத்திய அரசு 2003-இலேயே ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. வகைக்குத் தக்க 150 கிராம் முதல் 500 கிராம் வரை. எங்கள் ஏலத்தில் அந்த எடையை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், ஏனென்றால் அதற்குக் கீழே போனால் ஏஜென்ட் விலையைப் பாதியாக்குவார். ஆனால் சின்னதைக் கடலில் திருப்பி விடுகிற வழக்கம் வரவில்லை. அது உள்ளூர் ஓட்டலுக்குப் போகிறது, அங்கே தட்டில் இரண்டாகப் பிளந்து வைத்தால் பெரிதாகத் தெரியும். கப்பல் ஏறுவதற்கு அளவு கேட்டீர்கள், கரை ஏறுவதற்குக் கேட்கவில்லை. தராசைத் துறைமுகத்தில் வைத்தால் மீனுக்கு என்ன லாபம்? வல்லம் ஒதுங்குகிற இடத்தில் வைக்க வேண்டும்.

சனி, ஞாயிறுகளில் என் வல்லம் தூண்டில்காரர்களுக்கு ஓடுகிறது. மதுரை, சென்னை, பெங்களூருவிலிருந்து வருகிறார்கள். ஒரு நாள் வாடகை எனக்கு ஒரு வாரம் நண்டு வலை போட்டு மிஞ்சுவதற்குச் சமம், அதனால் அவர்களைக் குறைசொல்ல வாய் வராது. பெரும்பாலும் நல்ல மனிதர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார்; பாறை மீன் பத்துக் கிலோ இருந்தாலும் தூண்டில் முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் வைத்துக் கொஞ்சம் தாலாட்டுவதுபோல் ஆட்டி, அது வாலை உதறியதும் விட்டுவிடுவார். அவர் கைக்கடிகாரம் நனைவதைப்பற்றிக் கவலையே படமாட்டார். போன மார்ச்சில் வேறு நான்கு பேர் வந்தார்கள். பாறைக் கூட்டம் ஒன்று மாட்டியது. பளபளவென்று பொய்மீனை வீச வீச அடித்தது. நாற்பதுக்கு மேல் எடுத்தார்கள். கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் பதினெட்டுதான் கொண்டது. வரிசையாக அடுக்கிவைத்து போட்டோ எடுத்துவிட்டு, மிச்சத்தை "நீங்க வச்சுக்கங்கண்ணே" என்றார்கள். விற்றேன். அன்றைக்கு எனக்கு இரட்டை வருமானம். ஆனால் என் வலைக்கு உரிமம், படகுக்குப் பதிவு, டீசலுக்கு அட்டை, எல்லாம் உண்டு. அவர்களிடமோ, அவர்களை ஏற்றிப்போன என்னிடமோ எத்தனை பிடித்தீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பிழைப்புக்குப் பிடிக்கிறவனுக்கு ஒரு அளவு வைத்தால் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவருக்கும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கிராமக் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுதான் வரும், பதில் சொல்ல என்னால் முடியாது.

மற்ற இடங்களில் நடக்காததைக் கேட்கவில்லை. என் மச்சான் அமீரகத்தில் லாஞ்சில் வேலை பார்க்கிறான். அங்கே ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை சீலா பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மற்ற நாளிலும் 65 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவருக்கும் உரிமம் வேண்டும். இங்கே அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே குட்டிச் சீலாவை அள்ளியவன், அங்கே போய் முதலாளியின் படகில் அளந்து அளந்து விடுகிறான். போனில் கேட்டேன். "அபராதம் யாரு கட்றது?" என்றான். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2012-இல் அங்கே மத்தி மட்டும் சுமார் 3.9 லட்சம் டன் வந்தது. 2021-இல் 3,297 டன். கடல் சூடானதும் ஒரு காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். சூட்டுக்கு மீனவன் என்ன செய்ய முடியும்? ஆனால் குட்டியை விடுவது நம் கையில் இருக்கிறது. கேரள அரசு 2015-இல் 14 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தது, பிறகு அதை 58 வகைகளாக்கியது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், நம் காணாங்கெளுத்திக்கு 14, அவர்கள் கிளிமீன் என்று சொல்லும் சங்கராவுக்கு 12. அந்த அளவுகளைக் கணக்கிட்டுக் கொடுத்த அதே நிலையத்துக்கு மண்டபத்திலும் அலுவலகம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரலாம். இங்கும் ஏதாவது தாளில் அளவு எழுதி வைத்திருக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். இருந்தால் சந்தோஷம். ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் எங்கள் ஏலக் கூடத்தில் ஒரு அதிகாரி அடிஸ்கேலோடு நின்று நான் பார்த்ததில்லை. நான் கொண்டுபோன பேத்தியின் ஸ்கேல்தான் முதல்.

மத்திய அரசு 2025 நவம்பரில் ஆழ்கடல் பகுதிக்குப் புதிய விதிகள் வெளியிட்டிருக்கிறது, அதில் விளக்கு வைத்துப் பிடிப்பதும் இரட்டை மடியும் தடை, மீனின் குறைந்தபட்ச அளவைப்பற்றியும் பேச்சு இருக்கிறது. நல்லது. ஆனால் அது 12 கடல் மைலுக்கு அப்பால். எங்கள் கடலில் பல இடங்களில் 12 மைல் போவதற்குள் எல்லைக்கோடே வந்துவிடும். உள்ளே இருப்பது முழுக்க மாநிலத்தின் பொறுப்பு, அதாவது உங்களுடையது.

எல்லா மீனுக்கும் டன் கணக்கில் கோட்டா வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மடியில் ஐம்பது வகை வருகிற கடலில் அது நடக்காது. ஒரே வகை மீன் கூட்டமாகக் கிடக்கிற குளிர்க்கடலுக்குச் சரிப்படும். இன்னொன்றும் முக்கியம். அளவு வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்த அளவையே வாங்கி விற்கிற சொத்தாக ஆக்கிவிடாதீர்கள். நியூசிலாந்தில் 1986-இலேயே அப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள். சிறிய படகுக்காரர்கள் பலர் தங்கள் பங்கைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்றுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் கடன் இல்லாத வல்லம் ஒன்றுகூட இல்லை. விற்கலாம் என்று சொன்னால் ஆறே மாதத்தில் கடலே இரண்டு மூன்று ஏஜென்ட்டுகள் கைக்குப் போய்விடும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னால், பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும், விலைபோகிற முக்கியமான வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவை அரசாணையாக வெளியிடுங்கள். சீலா, விளைமீன், பாறை, ஊளி, சங்கரா, கணவாய், நீலக்கால் நண்டு, கல் இறால் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் போதும். ஊர்ப்பெயரில் எழுதுங்கள், லத்தீன் பெயரோடு ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒவ்வொரு ஏலக் கூடத்திலும் மீன் படத்தோடு, நிஜ அளவில் சுவரில் வரைந்து வையுங்கள். பிடிக்கிறவனை மட்டும் பிடிக்காதீர்கள். அளவுக்குக் குறைந்ததை வாங்குகிற வியாபாரிக்கும் சங்காய ஆலைக்கும் அபராதம் போடுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் என் தம்பி மடிக்கண்ணைத் தானே பெரிதாக்குவான்.

சினை நண்டையும் சினைக் கல் இறாலையும் கரைக்குக் கொண்டுவருவதைத் தடை செய்யுங்கள். முட்டை தேய்க்கப்பட்ட நண்டு எது என்று மடலைத் திறந்து பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு அவர்களையே கூலி கொடுத்து வையுங்கள். நண்டுக்கும் கணவாய்க்கும் ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்த அளவு ஒன்றை விஞ்ஞானிகளும் எங்கள் ஊர்த் தலைவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அதை ஊர்களுக்கும் படகுகளுக்கும் பிரித்துக் கொடுங்கள், கைமாற்றவோ விற்கவோ கூடாது என்ற நிபந்தனையோடு.

எண்ணுவதற்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். விசைப்படகு ஒவ்வொன்றும் கடலுக்குப் போகும்முன் உங்கள் அலுவலகத்தில் டோக்கன் வாங்குகிறது. போகும்போது சீட்டுக் கொடுக்கிற அதே ஜன்னலில், திரும்பி வந்ததும் எந்த மீன் எத்தனை கிலோ, சங்காயம் எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த டோக்கன் என்று வையுங்கள். அந்தக் கணக்கை மாதாமாதம் கூடத்தில் ஒட்டுங்கள். நாட்டுப்படகுக்கு எங்கள் சங்கங்களே கணக்குக் கொடுக்கும்.

பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு ஒரு நாள் உரிமம் கொண்டுவாருங்கள். ஆளுக்கு எத்தனை மீன், எந்த அளவுக்கு மேல் என்று அதிலேயே அச்சடியுங்கள். அவர்கள் பிடித்ததை விற்கக் கூடாது என்று வையுங்கள். அதை என்னைப்போல் ஏற்றிச்செல்கிறவன் வாங்கி விற்கவும் கூடாது. எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. உரிமப் பணத்தை அந்தந்த ஊர்க் கணக்கெடுப்புக்கே செலவிடுங்கள்.

தடைக்காலம் முடிந்த முதல் இரண்டு வாரத்துக்குத் தனியாக ஒரு வரம்பு வேண்டும். அந்தச் சமயத்தில் எல்லாப் படகும் ஒரே நாளில் இறங்காமல் முறைவைத்து இறங்கட்டும். அளவு நடைமுறைக்கு வரும் முதல் வருடத்தில் வருமானம் குறையும் குடும்பங்களுக்கு, சங்காயக் கொட்டகைப் பெண்களையும் சேர்த்து, தடைக்கால நிவாரணம்போல் ஒன்றைக் கொடுங்கள். இந்தியா-இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழு 2016-இல் அமைக்கப்பட்டது. அடுத்த முறை அது கூடும்போது நண்டுக்கும் சீலாவுக்கும் இரு கரைக்கும் ஒரே அளவு என்ற கோரிக்கையைத் தமிழ்நாட்டின் சார்பில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, முடித்து வைத்த என் மனுவைத் திறந்து, மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது, எப்போது என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். கொள்கை முடிவு என்றால் அந்தக் கொள்கையை எடுக்கப்போகிற கூட்டம் எந்தத் தேதியில் என்று சொல்லுங்கள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒரு வல்லக்காரன்